பச்சை வண்டிக்குப் பங்காளிகள்

ஈச்சங்காட்டுப்புதூரில் இன்றைக்கும் யாராவது முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "உங்களுக்குங்களா, வண்டிக்குங்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள், கேட்டுவிட்டுத்தான் தைலம் எடுப்பதா ஸ்பேனர் எடுப்பதா என்று முடிவு செய்வார்கள். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்கள் ஊரில் அப்படி ஒரு வண்டி இல்லை.

வண்டியை வாங்கியவள் சாந்தாமணி. ஊசிமலையின் அடிவாரத்தில் இருக்கிற அந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்த அத்தனை பேரும், பால் சொசைட்டி செயலாளரிலிருந்து பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் வரைக்கும், அவளிடம் கற்றுக்கொண்டவர்கள்தான். இருபத்தாறு வருஷமாக அவள் ஒரு வெள்ளைக் காரின் இடதுபக்க சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாகப் பொருத்தியிருந்த இன்னொரு பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா, பயமா இருந்தாக் கால எடு" என்று சொல்லிச் சொல்லியே ஊரை ஓட்டப் பழக்கினாள், ஊரும் அவளை மாஸ்டரம்மா என்று கூப்பிட்டது, அவளுக்கு ஐம்பத்தொரு வயதாயிற்று. அப்போது ஒரு நாள் காலையில், இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்த கணவன் ரங்கசாமியிடம், இரண்டே பேர் உட்காருகிற, தரையோடு தரையாகப் போகிற, பின்சக்கரத்தால் ஓடுகிற பந்தய வண்டி ஒன்று கோயமுத்தூரில் விலைக்கு வந்திருப்பதாகவும் அதைத் தான் வாங்கப்போவதாகவும் சொன்னாள்.

ரங்கசாமி மளிகைக் கடைக்காரர். வாழ்க்கையில் மொபெட்டுக்கு மேலே எதையும் ஓட்டியதில்லை, அதையும் இறக்கத்தில் தள்ளிக்கொண்டு போகிறவர்.

"ரெண்டு பேருக்கு நம்ம வெள்ளைக் காரு பத்தாதா சாந்தா?"

"அத நான் ஓட்டறதில்லீங்க. ஓட்டறவங்க பக்கத்துல உக்காந்திருக்கறேன், அவ்வளவுதான்."

அவர் இட்லியைக் கீழே வைத்துவிட்டார். இருபத்தாறு வருஷத்தில் இது அவருக்குத் தோன்றவே இல்லை என்பதை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் பயம் வெட்கத்தைவிடப் பெரியதாக இருந்ததால், ஒர்க்‌ஷாப் மருதாசலத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

மருதாசலமும் பயந்தான், ஆனால் அவனுடையது தொழில் தெரிந்தவனின் பயம். "மாஸ்டரம்மா, நம்மூருக் காரெல்லாம் முன்சக்கரம் இழுக்கற வண்டிங்க. வளைவுல தப்புப் பண்ணுனா நேராப் போயி வேலியில முட்டும், அத்தோட சரி. இது பின்சக்கரம் தள்ளற வண்டி. தப்புப் பண்ணுனா பின்னாடி இருக்கறது முன்னாடி வந்துரும். வந்த வழிய நீங்களே திரும்பிப் பாத்துட்டு நிக்கோணும். அதுபோக பதினாலு வருஷப் பழசுங்க, ஸ்பேர் பார்ட்ஸ் கப்பல்லதான் வரோணும். நம்பி வாங்கறதுக்கில்லீங்க" என்றான்.

மூன்று பேரும் கோயமுத்தூர் போனார்கள். பாகற்காய்ப் பச்சையில், மழை கழுவிவிட்டது போல, வண்டி ஒரு மாமரத்தடியில் நின்றிருந்தது. சொந்தக்காரன் பிரசன்னா மில்காரக் குடும்பத்துப் பையன், நடுமத்தியானத்தில் ஸ்வெட்டர் போட்டிருந்தான், கொஞ்சம் இருமினான். சாந்தாமணி கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டாள். அடிபட்ட வண்டியா என்றால் இல்லை, ஆயில் குடிக்குமா என்றால் ஒரு சொட்டுக்கூட இல்லை, வழியில் நின்றிருக்கிறதா என்றால் அவன் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ஒருதரம்கூட நிக்கலீங்க. வண்டிக்கு ஒரு நோவும் கெடையாது. எனக்குத்தான் ஒடம்பு செரியில்லாமப் போயிருது, அதுனாலதான் குடுக்கறேன்" என்றான், அவ்வளவு நேர்மையாகச் சொன்னான் பாவம், கேட்டவர்கள்தான் அதைக் காதில் வாங்கவில்லை.

ஓட்டிப் பார்க்கப் போனபோது சாரல் விழுந்துகொண்டிருந்தது. மில் காம்பவுண்டுக்குள்ளேயே இருந்த முதல் வளைவில் பின்பக்கம் லேசாக நழுவியது, சாந்தாமணி இருபத்தாறு வருஷப் பழக்கத்தில் படக்கென்று ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள், எடுத்த நொடியில் வண்டி தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றி, மருதாசலம் சொன்னபடியே, வந்த வழியைப் பார்த்து நின்றது. மருதாசலம் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். சாந்தாமணி சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்து போட்டோவில்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை.

"வேண்டாமுங்க மாஸ்டரம்மா."

"இதுதான் வேணும் மருதாசலம்."

ரங்கசாமி ஒரே ஒரு வாக்குக் கேட்டார். வருஷா வருஷம் ஆடி மாதம், உலகத்தில் யாரும் ஒரு நல்ல காரியமும் தொடங்காத மாதத்தில், பட்டணத்துப் பையன்கள் தங்கள் வண்டிகளைக் கொண்டுவந்து ஊசிமலையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறிப் பந்தயம் விடுவார்கள். ஊர் முழுக்க வளைவுகளில் நின்று வேடிக்கை பார்க்கும். ஊரிலிருந்து ஒருவர்கூட அதில் ஓட்டியதில்லை. சாந்தாமணி இந்த வருஷம் தான் ஓட்டப்போவதாகச் சொல்லிவிட்டிருந்தாள். "ஓட்டு, நான் தடுக்கல. ஆனா பந்தயத்துல நடுவழியில ஒருதரம் நின்னாலும் வண்டிய வித்துப்போடோணும். நின்ன வண்டி பின்னாடி உருண்டாத் தடுக்க அந்த மலையில ஒண்ணுமில்ல, கீழ பள்ளந்தான் இருக்குது" என்றார். சாந்தாமணி சரியென்று வாக்குக் கொடுத்தாள், கொடுத்துவிட்டுத்தான் வண்டியை ஊருக்குள் கொண்டுவந்தாள்.

ஆர்.சி. புத்தகத்தில் பேர் மாறி வந்த அன்று சாயங்காலம் அவளுக்கு நாக்கு வறண்டது. எவ்வளவு தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை. மறுநாள் இடது முழங்கால் பிடித்துக்கொண்டது. அதற்கடுத்த நாள் அவள் நேராக நடந்தால் கால் தானாக இடதுபக்கம் இழுத்தது, கடைக்குப் போகக் கிளம்பியவள் பக்கத்து வீட்டுச் சமையலறையில் போய் நின்றாள். காலையில் எழுந்திருக்கவே முடியாமல், நாலு தரம் முனகி ஐந்தாவது தரம்தான் எழுந்தாள். வண்டியோ ஒரு குறையுமில்லாமல், கிளிக்குஞ்சு மாதிரி ஓடியது.

ஊர் டாக்டர் லோகநாயகி ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தபோது, மாத்திரை வாங்க வந்த மருதாசலம் வரிசையில் நின்றபடியே நோயாளி சொன்னதை எல்லாம் கேட்டான். "டாக்டரம்மா, இது பேட்டரி வீக்குங்க. நாக்கு வறட்சி ஆயில் கொறைஞ்சதுங்க. இடதுபக்கம் இழுக்கறது வீல் அலைன்மெண்ட்" என்றான். டாக்டர் படித்தவர், ஆனால் பிடிவாதக்காரர் இல்லை. சீட்டில் 'ஆயில் மாற்றவும், பேட்டரி சார்ஜ் செய்யவும், மூன்று நாள் கழித்து வந்து காட்டவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆயில் மாற்றியதும் நாக்கு நனைந்தது. அன்றிலிருந்து டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை மாஸ்டரம்மாவின் நெஞ்சில் வைத்துக் கேட்பதும், மருதாசலம் வெளியே நின்று "எப்படி ஓடுதுங்க?" என்பதும், "மூணாவது சிலிண்டர்ல ஒரு இடறல் கேக்குது" என்று அவர் பதில் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. பழைய வண்டி என்றால் செலவு வைக்கும், இது வேறு விதமாக வைக்கிறது, அவ்வளவுதான் என்று ஊர் எடுத்துக்கொண்டது.

ஆனால் மாற்ற முடிந்ததை எல்லாம் மாற்றிய பிறகும் கிளட்ச் மிஞ்சியது, அதற்குத் தட்டு கப்பலில்தான் வர வேண்டும், கப்பல் எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை. சாந்தாமணியின் முழங்கால் வீங்கிக்கொண்டே போனது. ஒரு நாள் மத்தியானம் ஒர்க்‌ஷாப் வாசலில், கை நிறைய கிரீஸோடு நின்ற மருதாசலம் சோப்புத்தூளைத் தேய்த்துக் கையை நீட்ட, அவள் மக்கில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டே, வலியின் எரிச்சலில், "இந்தக் கிளச்ச நீயே வெச்சுக்க போ மருதாசலம், எனக்கு வேண்டாம்" என்றாள். சொல்லி முடிக்கும்போது முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. மறுநாள் காலையில் மருதாசலம் இடது காலை இழுத்துக்கொண்டு வந்தான்.

கையில் தண்ணீர் ஊற்றி வாயால் கொடுத்தால் கொடுத்தது கொடுத்ததுதான் என்பது ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெண்ணைக் கொடுப்பதும் பூமியைக் கொடுப்பதும் அப்படித்தானே. சாந்தாமணி பதறிப்போய், திருப்பி ஊற்றித் தந்துவிடு என்று கெஞ்சினாள். மருதாசலம் மறுத்துவிட்டான். "எம்பட கிளச்சுங்க இது" என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக் காட்டினான், அவன் குரலில் இருந்த மிதப்பைக் கேட்ட பிறகு ஊருக்குத் தூக்கம் போயிற்று.

மறுநாள் விடிந்ததும் மாஸ்டரம்மா வீட்டு வாசலில் சொம்போடு வரிசை நின்றது.

கணக்கு வாத்தியார் தேவராஜ் கியர் பாக்ஸைக் கேட்டு வாங்கினார். வாங்கின நாளிலிருந்து அவருக்கு மூன்று வரவில்லை, ஒன்று இரண்டு நாலு என்றே பாடம் நடத்தினார், பிள்ளைகளும் அதைச் சகித்துக்கொண்டார்கள். டீக்கடைச் சென்னியப்பன், "கொதிக்கறது எனக்குப் புதுசில்ல" என்று ரேடியேட்டரை வாங்கிக்கொண்டு காய்ச்சலோடு டீ ஆற்றினான். ரேஷன் கடை பத்மாவதி ஹாரனை வாங்கினாள். அவளுக்கு ஏற்கெனவே இருந்த தொண்டைக்கு அது ஒன்றும் பெரிய மாற்றமாகத் தெரியவில்லை. பால் சொசைட்டி செயலாளர் பிரேக்கை வாங்கி, குதிகால் எரிய எரியக் கூட்டங்களை நடத்தினார், கூட்டங்கள் சீக்கிரம் முடிந்தன. டாக்டர் லோகநாயகிகூட ஒரு நாள் யாரும் பார்க்காதபோது வந்து, இஞ்சினுக்குப் பெட்ரோலை அனுப்புகிற பம்பை வாங்கிக்கொண்டு போனார், நெஞ்சு சம்பந்தப்பட்டது தெரியாதவர்கள் கையில் இருக்கக்கூடாது என்று காரணம் சொன்னார்.

இஞ்சினுக்குத்தான் தகராறு. மேட்டுக்காட்டு அண்ணன் தம்பி நாலு பேர், ஒரு கிணற்றை முன்னிட்டு ஒன்பது வருஷமாகப் பேசிக்கொள்ளாதவர்கள், தனித்தனியாக வந்து தனக்கே வேண்டும் என்றார்கள். சாந்தாமணி நாலு சிலிண்டரையும் ஆளுக்கொன்றாக ஊற்றிக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர்கள் தும்மினால் முதல் ஆள், மூன்றாவது ஆள், நாலாவது ஆள், இரண்டாவது ஆள் என்ற வரிசையில்தான் தும்மல் வந்தது; ஒருவர் தோட்டத்தில் ஒருவர் சந்தையில் என்று தள்ளித் தள்ளி இருந்தால் வரிசை பிசகி வண்டி குலுங்கியது. வேறு வழியில்லாமல் நாலு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்க ஆரம்பித்தார்கள். கிணற்றைப் பற்றி அவர்கள் இன்னும் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் சர்க்கரை போதுமா என்று கேட்டுக்கொண்டார்கள்.

இப்படி நாற்பத்திரண்டு பேர் வாங்கினார்கள். கிடைக்காதவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். கட்டக்கடைசியில் வந்த தபால்காரருக்குக் கண்ணாடி துடைக்கிற வைப்பர்தான் மிச்சமிருந்தது, அவர் அதையும் இரண்டு கையால் வாங்கி, கண்ணைச் சிமிட்டிக்கொண்டே சந்தோஷமாகப் போனார்.

ஒரு விஷயம் மட்டும் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. ஒரு மத்தியானம் மருதாசலம் ஓய்ந்துபோய்ப் பாயில் படுத்துவிட்டான், அதே நேரம் ரோட்டில் போய்க்கொண்டிருந்த வண்டியில் கிளட்ச் வழுக்கி நின்றுபோனது. அவன் எழுந்து நின்றதும் சரியாயிற்று. ஆள் தாங்கும்வரை வண்டி தாங்கும், ஓடுகிற நேரத்தில் ஆள் உட்கார்ந்தால் வண்டியும் உட்காரும். இதைக் கேட்டதும் ஊர் பயப்படும் என்று சாந்தாமணி நினைத்தாள். ஊர் பயப்படவில்லை. பந்தயத்தன்று யார் எந்த வளைவில் நிற்பது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

நோவு இப்படிப் பங்காகிப் போக, பழைய கல்குவாரியில் தண்ணீர் விட்டு நனைத்த தரையில் சாந்தாமணி பழகினாள், முப்பது தரம் சுற்றி முப்பது தரம் வந்த வழியைப் பார்த்து நின்றாள். வண்டியில் குறையே இல்லை. பின்பக்கம் நழுவும், மனசு பயப்படும், கால் தானாக மேலே வந்துவிடும், கால் வந்ததும் பாரம் முன்னால் சாய்ந்து பின்சக்கரம் பிடியை விட்டுவிடும்.

"கால எடுக்கக் கூடாதுங்க மாஸ்டரம்மா. நழுவறப்ப லேசா மிதிச்சபடியே, ஸ்டியரிங்க நழுவற பக்கமாத் திருப்போணும்."

"அதத்தான மருதாசலம் எடு எடுன்னு ஊருக்கே சொல்லிக் குடுத்திருக்கறேன்."

"மத்த வண்டிக்கு அது செரிதானுங்க. நோவுன்னா பங்கு போட்டு வாங்கிக்குவோம். வால் வீசறது இதோட கொணம். அத நீங்கதான் பாத்துக்கோணும்."

ஊரையே பழக்கியவளுக்குத் தன் ஒற்றைக் காலைப் பழக்கத் தெரியவில்லை என்பது அவளைச் சுட்டது. கௌரவம் உள்ள மனுஷி, அழுவதற்குப் பதிலாக அடுத்த நாள் விடியற்காலை மறுபடியும் குவாரிக்குப் போனாள், அதற்கடுத்த நாளும் போனாள்.

பந்தயத்துக்கு முந்தின நாள் காலையில் ரங்கசாமி கடையைத் திறக்கவில்லை. ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்து, சுவரைப் பிடித்தபடி நாற்காலியில் மெல்ல உட்கார்ந்துகொண்டிருந்த மனைவியின் முன்னால் நின்றார்.

"பின்அச்சு யார்கிட்ட இருக்குது?"

"எங்கிட்டத்தானுங்க."

"அதுதான நீ இடுப்பப் புடிச்சுட்டு நடக்கற. ஊர்ல வைப்பர் வரைக்கும் குடுத்திருக்கற. எனக்கு ஒண்ணும் குடுக்கல. இத எனக்கு ஊத்திக் குடு" என்று கையை நீட்டினார். மொபெட்டை இறக்கத்தில் தள்ளுகிற மனுஷர், வண்டியின் கனமான பாகத்தைக் கேட்கிறார் என்று சாந்தாமணி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

அவள் சொம்பை வாங்கினாள், வாங்கித் தண்ணீரை மடமடவென்று தானே குடித்துவிட்டாள்.

"இது எங்கிட்டயே இருக்கட்டுங்க. கண்ணால பாத்துத் திருப்பறதுக்குள்ள பின்னாடி நழுவிப் போயிரும். இடுப்புலதான் அது மொதல்ல தெரியுது. இதையும் குடுத்துப்போட்டா வண்டி எங்க இருக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப எனக்கு?"

"நீங்க நாப்பதாவது வளைவுல நில்லுங்க."

"நின்னு?"

"நான் வருவேன்னு நெனச்சுட்டு நில்லுங்க."

அது பின்அச்சைவிடக் கனமான வேலை என்று ரங்கசாமிக்குப் பட்டது. ஒத்துக்கொண்டார்.

பந்தயத்தன்று ஊசிமலையில் சாரல் நிற்கவே இல்லை. இருபத்திரண்டு வண்டிகளில் சாந்தாமணியுடையது பதினேழாவது. பட்டணத்துப் பையன் ஒருவன் அவள் புடவையைப் பார்த்து, "ஆண்ட்டி, வண்டி உங்க பையனுதா?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். "இல்ல கண்ணு, ஊர்க்காரங்களுது" என்று சொல்லிவிட்டு அவள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டாள்.

கொடி விழுந்தது. முதல் வளைவிலும் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அவள் வழுவழுப்பாக ஏறினாள். ஏழாவது வளைவில் மருதாசலம் ஒற்றைக் காலில், மற்றொரு காலைக் கையால் தாங்கிக்கொண்டு, உட்காராமல் நின்றதைப் பார்த்தாள். பதினோராவது வளைவில் பால் சொசைட்டி செயலாளர் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரப்புல்லில் குதிகாலை அழுத்தி நின்றார். பதினாலாவது வளைவில் அண்ணன் தம்பிகள் நாலு பேரும் தோளோடு தோள் கோத்துக்கொண்டு ஒன்று மூன்று நாலு இரண்டு என்று தும்மித் தள்ளிக்கொண்டிருந்தார்கள், இஞ்சின் அதற்குத் தகுந்தாற்போலச் சீராகப் பாடியது.

பத்தொன்பதாவது வளைவுக்கு முன்னால் மூன்றாவது கியர் விழவில்லை. தள்ளினாள், விழவில்லை. வண்டி வேகம் இறங்கியது, இன்னும் பத்தடியில் நின்றுவிடும் என்று தெரிந்தது. வளைவின் ஓரத்தில், ஓய்ந்துபோய் உட்கார்ந்துவிடப்போன தேவராஜ் வாத்தியார் நிமிர்ந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினார், அவரைச் சுற்றி அவருடைய ஏழாம் வகுப்பு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. "மூணு" என்று அவர் சொல்லிவிட்டார். கியர் விழுந்தது. அவள் அவரைத் தாண்டிப் போகும்போது அவர் அழுதுகொண்டிருந்தார், பிள்ளைகள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. வெப்பத்தைக் காட்டுகிற முள் ஏற ஆரம்பித்துச் சிவப்பைத் தொட்டது. முப்பத்தோராவது வளைவில் சென்னியப்பன் நெருப்பாகக் கொதித்துக்கொண்டு சரியப்போனான், பத்மாவதியும் தபால்காரரும் அவனுடைய அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்த, பக்கத்தில் நின்ற ஒருத்தி அவன் தலையில் குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்தாள். "நில்லுடா சென்னியப்பா" என்று பத்மாவதி போட்ட சத்தம் நாலு வளைவுக்கு மேலே கேட்டது. முள் மெதுவாக இறங்கியது.

முப்பத்தொன்பதாவது வளைவில் யாரும் இல்லை. அங்கே பாறை ஒருபக்கம், பள்ளம் ஒருபக்கம், ஆள் நிற்க இடமில்லாத வளைவு அது. மேலேயிருந்து ஓடை வழிந்து ரோட்டைக் குறுக்கே கடந்தது. சாந்தாமணி திரும்பினாள், திரும்பிய நொடியில் அவளுடைய இடுப்பில் சுரீரென்று ஒரு வலி வலமிருந்து இடமாக ஓடியது, பின்சக்கரங்கள் பள்ளத்தைப் பார்த்துப் போகின்றன என்று கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கால் மேலே வரத் துடித்தது. எடு, எடு என்று இருபத்தாறு வருஷத்து அவள் குரலே அவள் காதில் சொன்னது. சாந்தாமணி அந்தக் குரலுக்குக் கீழ்ப்படியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, வலி ஓடிய பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பி, கால் கட்டை விரலால் இன்னும் ஒரு நெல்லளவு மிதித்தாள். வண்டி பள்ளத்தின் விளிம்போடு குறுக்கே வழுக்கிக்கொண்டு போய், போய், பிறகு ஒரு பெருமூச்சு விட்டுப் பின்பக்கத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நேரானது. அவள் வாய்விட்டு, "அப்படித்தாண்டி சாந்தாமணி" என்று தன்னைத்தானே பாராட்டிக்கொண்டாள். அவளைப் பாராட்ட அங்கே வேறு ஆள் இல்லை, இருந்தாலும் அவளே பாராட்டியிருப்பாள்.

நாற்பதாவது வளைவில் ரங்கசாமி கண்ணைத் திறந்துகொண்டு நின்றார். அவ்வளவு தைரியம் அவருக்கு இருந்தது அவருக்கே தெரியாது.

இருபத்திரண்டு வண்டிகளில் அவள் எட்டாவதாக வந்தாள். மூன்று வண்டிகள் வழியில் நின்றுபோயிருந்தன, ஒன்று வந்த வழியைப் பார்த்து நின்றது. எல்லோரும் ஏறி முடித்து ரோட்டைத் திறந்துவிட்ட பிறகு, பந்தயக் குழுவின் பரிசோதகர், சந்தேகமே தொழிலாகக் கொண்ட ஒரு கண்ணாடிக்காரர், பச்சை வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கீழே படுத்துப் பார்த்தார், மேலே திறந்து பார்த்தார், கிளட்சை, கியரை, ரேடியேட்டரை, பிரேக்கை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்தது போல இருந்தது. இடுப்பு பூட்டிக்கொண்டு சீட்டிலிருந்து எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்த சாந்தாமணியின் பக்கம் குனிந்தார்.

"பதினாலு வருஷப் பழைய வண்டின்னு எழுதியிருக்கு. இந்த மலைய ஏறின வண்டில ஒரு தேய்மானம் இல்ல. நம்பற மாதிரி இல்லையே அம்மா. யார் இதைப் பராமரிக்கிறது?"

"கொஞ்சம் பொறுங்க. வந்துட்டிருக்கறாங்க."

நடந்தும், பால் வண்டியில் தொற்றி நின்றும், நாற்பதாவது வளைவைச் சுற்றிக்கொண்டு அவர்கள் வந்தார்கள்: காலை இழுத்துக்கொண்டு ஒருவன், வரிசை பிசகாமல் தும்மிக்கொண்டு நாலு பேர், ஆவி பறக்க ஈரத்தலையோடு ஒருவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு டாக்டர், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு செயலாளர், கண்ணைச் சிமிட்டிக்கொண்டு தபால்காரர், இன்னும் முப்பதுக்கும் மேலே. ஒருவர் முகத்திலும் நோவு இல்லை, அத்தனை முகத்திலும் இருந்தது மிதப்பு. சாந்தாமணி உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை வெளியே நீட்டி, "இவருதானுங்க கிளச்சு. இவங்க நாலு பேரும் இஞ்சினு. வாத்தியாரு கியர் பாக்ஸு" என்று ஒவ்வொருவராகப் பேர் சொல்லி அறிமுகப்படுத்தினாள்.

பரிசோதகர் அவர்களைப் பார்த்துப் பதறிப்போய், ஓடிப்போய் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டு, உட்காருங்கள் என்று கெஞ்சினார். யாரும் உட்காரவில்லை. வண்டி இன்னும் கீழே இறங்க வேண்டியிருந்தது.